தூய்மைக்கேடு: வெப்ப இயக்கவியல் நோக்கும் அறநோக்கும்

திருப்பதி நகரிலிருந்து திருமலைக்குச் செல்லும் பேருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏறுகிறது. பயணிகளோடு சேர்த்து அதன் எடை 10 டன் எனக் கொண்டால், அதனை அவ்வுயரத்திற்குத் தூக்க 19 யூனிட் ஆற்றல் போதும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. இக்கணக்குப்படி இரண்டு லிட்டரில் பேருந்து மலையை அடைந்துவிட வேண்டும். ஆனால் டீசல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவையே இயக்கமாக மாற்ற வல்லது. ஆகவே செலவாவது ஆறு லிட்டர். சாலையின் உராய்வும் காற்றின் தடையும் வேறு. மிகுதி நான்கு லிட்டரின் ஆற்றல் எஞ்சினைச் சூடாக்கியும் புகைக்குழாய் வழியே வெளியேறியும் காற்றில் கலந்து விடுகிறது. மலை ஏறியதால் பேருந்து பெற்ற 19 யூனிட்டாவது எஞ்சுகிறதா என்றால், அதுவும் இல்லை. இறங்கும் வழியில் பிரேக்குகளைச் சூடாக்கி அதுவும் மறைகிறது. பேருந்து புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கிறது. எரிந்த டீசல் மட்டும் பதினாறு கிலோ அளவான கரியமில வாயுவாகவும், சிறிது கரித்தூளாகவும், வெதுவெதுப்பான காற்றாகவும் சேஷாசலக் காடுகளின் மேல் பரவி நிற்கிறது.

அலிபிரியிலிருந்து 3,550 படிகளை நடந்தே ஏறும் அடியவர் ஒருவருக்கும் இதே கணக்கு உண்டு. 60 கிலோ எடையுள்ள அவர் அவ்வுயரத்தை எட்ட, உணவுக் கணக்கில் 100 கலோரி போதும்; உடலும் ஓர் எஞ்சினாதலின் 400 கலோரி செலவிடுகிறார். ஏழெட்டு இட்லிகளில் அது கிடைத்துவிடும்.

இந்தச் சிறு கணக்கில் சுற்றுப்புறத் தூய்மைக்கேட்டின் அடிப்படை முழுவதும் அடங்கியுள்ளது. எதுவும் அழியவில்லை; ஆயினும் ஏதோ ஒன்று இழக்கப்பட்டது. இழக்கப்பட்டது எது என்பதற்கு வெப்ப இயக்கவியல் விடை தருகிறது. அவ்விழப்பை யார் தாங்க வேண்டும் என்பதற்கு அந்த அறிவியலில் விடை இல்லை.

இரண்டு விதிகள்

வெப்ப இயக்கவியலின் முதல் விதி, ஆற்றலை ஆக்கவும் அழிக்கவும் இயலாது, வடிவம் மாற்றவே இயலும் என்பது. பொருளுக்கும் வேதியியல் இதே நியதியைக் கூறுகிறது. 'கழிவை அப்புறப்படுத்துதல்' என்ற சொல்லை நகராட்சிக் குறிப்புகளில் அடிக்கடி காணலாம். முதல் விதியின்படி அப்புறம் என்று ஓர் இடம் இல்லை. ஒருவருடைய அப்புறம் மற்றொருவருடைய இப்புறமாக இருக்கும்.

இரண்டாம் விதி இன்னும் நுட்பமானது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் கார்னோ 1824இல் நீராவி எஞ்சினைப் பற்றி எழுதிய நூலில் இதன் வித்து உள்ளது. ஜெர்மானிய இயற்பியலார் கிளாசியஸ் 1865இல் 'என்ட்ரோப்பி' என்ற சொல்லைப் படைத்தார். வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானே செல்லும், தானே திரும்பாது. குவிந்தது தானே சிதறும். சிதறியது தானே குவியாது. இச்சிதறலின் அளவே என்ட்ரோப்பி. தனித்து விடப்பட்ட எந்த அமைப்பிலும் அது குறைவதில்லை. ஓரிடத்தில் அதனைக் குறைக்கலாம். ஆனால் பிறிதோர் இடத்தில் அதைவிடக் கூடுதலாக அது பெருகியே தீரும்.

அப்படியாயின் பூமியில் காடு எவ்வாறு வளர்கிறது, உயிர் எவ்வாறு ஒழுங்கைப் பெருக்குகிறது என்ற கேள்வி எழும். பூமி தனித்து விடப்பட்ட அமைப்பு அன்று. கதிரவனிடமிருந்து உயர்தரமான ஒளியைப் பெற்று, ஏறத்தாழ அதே அளவு ஆற்றலைத் தரம் தாழ்ந்த வெப்பக் கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பி விடுகிறது. இத்தர வேறுபாட்டைக் கொண்டே பச்சிலை சர்க்கரையைக் கட்டுகிறது. கடல்நீர் மேகமாகித் தூயநீராகத் திரும்புகிறது. கதிரவனின் கூலியில் இயற்கை ஒழுங்குபடுத்தும் வேகத்தைவிட மனிதன் சிதறடிக்கும் வேகம் மிகும்போது தூய்மைக்கேடு தோன்றுகிறது.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகக் குறிப்பிட வேண்டும். என்ட்ரோப்பி நஞ்சை அளக்கும் கோல் அன்று. ஒரு குளத்தில் சோற்றுப்பைக் கரைத்தாலும் குரோமியத்தைக் கரைத்தாலும் கலப்பால் எழும் என்ட்ரோப்பி ஒரே தன்மையது. உடலுக்கு விளையும் கேடு ஒன்றன்று. கலந்ததை மீண்டும் பிரிக்க என்ன விலை என்பதை மட்டுமே இவ்விதி கூறும். இந்த எல்லையை மறந்து எழுதப்படும் கட்டுரைகள் மாணவர்களைக் குழப்பியே வருகின்றன.

சமையற்கூடத்தில் ஒரு பாடம்

இரண்டாம் விதி கழிவைப் பற்றி மட்டும் பேசுவதன்று. எரிபொருளின் தகுதியைப் பற்றியும் பேசுகிறது. சோறு வேக 100 டிகிரி வெப்பம் போதும். 30 டிகிரி நிலவும் சுற்றுப்புறத்தில், 100 டிகிரி வெப்பத்தைக் கொண்டு பெறத்தக்க வேலை அவ்வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. டீசலின் சுடரோ 1,000 டிகிரியைத் தாண்டியது. அத்தகைய சுடரைச் சோறு வேகவைக்கப் பயன்படுத்துவது, பட்டு நூலால் விறகுக் கட்டைக் கட்டுவதற்கு ஒப்பாகும். கட்டு நிற்கும், நூல் வீணாகும்.

திருமலையில் அன்னப் பிரசாதம் தயாரிக்கும் பெருஞ்சமையற்கூடத்தில் 2002இல் கதிரவ நீராவிச் சாதனம் நிறுவப்பட்டபோது இக்கருத்து செயல் வடிவம் பெற்றது. 106 குவி ஆடிகள் கதிரவனைத் தொடர்ந்து திரும்பி, நாளொன்றுக்கு நான்கு டன் அளவான நீராவியை 180 டிகிரி வெப்பத்தில் தந்தன. 15,000 பேருக்கான உணவைச் சமைக்க இது போதுமென்றும், ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் டீசல் மிஞ்சும் என்றும் கணிக்கப்பட்டது. மேகம் சூழ்ந்த நாளுக்கும் அதிகாலைக்கும் கொதிகலன் தேவைப்படும் என்பது உண்மையே. ஆயினும் வேலைக்கு ஏற்ற தரத்தில் வெப்பம் என்ற நெறி இங்கே தெளிவாகக் காணக் கிடைத்தது.

மலைச்சாலையிலும் 2022 செப்டம்பரில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, பிரேக்கில் வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பும். திருமலைக் காற்றுக்கு இது நன்மை. ஆனால் அம்மின்சாரம் அனல்மின் நிலையத்தில் பிறந்ததாயின், நிலக்கரியின் ஆற்றலில் பெரும்பகுதி அங்கே வெப்பமாகக் கழிந்திருக்கும். அதன் புகையும் சாம்பலும் கடப்பை மாவட்டத்து முத்தனூரிலோ நெல்லூரை அடுத்த கிருஷ்ணபட்டினத்திலோ இறங்கும். அங்கு வாழ்வோர் அந்தப் பேருந்தில் ஏறியவர்கள் அல்லர்.

தண்ணீரின் நிலையும் இதுவே. 1,000 லிட்டர் நீரை 700 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ இரண்டு யூனிட் வேண்டும். பம்பின் இழப்புகளைச் சேர்த்தால் மூன்று யூனிட்டாகும். சென்னையை அடுத்த மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ளவை போன்ற நிலையங்களில் 1,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்று முதல் நான்கு யூனிட் செலவாகும். கீழிருந்து ஏற்றிய நீரில் திருமலையில் ஒரு குழாயைத் திறந்து விட்டு வீணாக்குபவர், கடலைக் குடிநீராக்கிய அளவு ஆற்றலை வீணாக்குகிறார் என்பதைப் பலரும் அறியார்.

கலப்பின் விலை

திருப்பதியை அடுத்து ஓடும் சுவர்ணமுகியைத் தமிழ் இலக்கியம் பொன்முகலி எனப் போற்றும். மழைக்காலம் நீங்கலாக அது பெரும்பாலும் மணலாறே. ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு 200 மில்லிகிராம் அளவிலோ அதற்கு மேலோ உயிர்வாயு தேவைப்படும். நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் தெளிந்த ஆற்றுநீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே ஒரு லிட்டர் கழிவுநீரை ஆறு தானே தூய்மைப்படுத்த, குறைந்தது 25 லிட்டர் நல்ல நீர் வேண்டும். கங்கைக்கும் கோதாவரிக்கும் வெள்ளக் காலத்தில் அது உண்டு. கோடையில் சுவர்ணமுகிக்கு இல்லை. நகரக் கழிவுநீரே ஆற்றின் ஓட்டமாக அமையும் நாள்களில் 'கரைத்து விடுதல்' என்ற தீர்வுக்கு அங்கு இடமில்லை.

காற்றுக்கும் இதே வரம்பு உண்டு. திருப்பதிக்கு அருகேயுள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரைக் கொண்டு மேல்வளியின் ஓட்டத்தை ஆராய்ந்து வருகிறது. தெளிந்த குளிர்கால இரவுகளில் தரை விரைந்து குளிர்வதால், கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாக அடுக்கு தலைகீழாகிறது. அப்போது தரையோரப் புகை மேலெழ வழியின்றி மூடியிட்ட பாத்திரத்தில் உள்ளதுபோல் தங்கிவிடும். மாலையில் குப்பைக்குத் தீ வைப்போர், கரைக்க இடமில்லாத வேளையையே தேர்ந்தெடுக்கின்றனர்.

வீட்டுக் கழிவையாவது நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைத்துவிடும். உப்பையும் உலோகத்தையும் எந்த உயிரும் சிதைக்க இயலாது. சித்தூர் மாவட்ட எல்லையைத் தாண்டியவுடன் தொடங்கும் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழில் இதற்குச் சான்று. குரோமிய உப்பில் தோலைப் பதனிடும்போது அதன் ஒரு பகுதி தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறும். பதனிடும் பீப்பாயிலிருந்து வடியும் நீரில் லிட்டருக்குச் சில கிராம் குரோமியம் இருக்கும். அது மற்றக் கழுவுநீர்களோடு கலந்து, பின் நிலத்தில் ஊறி, ஆயிரம் மடங்கு நீர்த்துவிட்டதாகக் கொள்வோம். மீண்டும் பிரிக்கும் விலை என்ன?

இரண்டாம் விதி கேட்கும் குறைந்தபட்ச விலை வியப்புக்குரிய அளவு சிறியது. ஒவ்வொரு பத்து மடங்கு நீர்ப்புக்கும் ஒரு மோல் பொருளுக்கு 5.7 கிலோ ஜூல் ஆற்றல் கூடுகிறது. ஆயிரம் மடங்குக்கு 17 கிலோ ஜூல். 52 கிராம் குரோமியத்திற்கு அது அரை மில்லி லிட்டர் டீசலின் ஆற்றலே. 'இவ்வளவுதானா?' என்று ஆலை நிருவாகி கேட்கக் கூடும். ஆனால் எந்த இயந்திரமும் இக்குறைந்தபட்ச விலையில் இயங்குவதில்லை. லிட்டருக்கு 2 கிராம் இருந்தபோது அந்த 52 கிராம் குரோமியம் 26 லிட்டர் நீரில், இரண்டு குடங்களில் அடங்கியிருந்தது. இப்போது அது 26,000 லிட்டரில் பரவியுள்ளது. முதல் நிலையில் இரண்டு குடங்களைக் கையாள வேண்டும். பின்னர் ஒரு கிணற்றையே இறைத்து, வடித்து, மருந்திட்டு, வண்டலை எடுத்தாக வேண்டும். சிதறலின் அளவு படிப்படியாகவே ஏறுகிறது. அதனைத் துரத்தும் உழைப்போ மடங்கு மடங்காக ஏறுகிறது.

ஆகவே கலக்கும் முன்பே பிரிப்பதுதான் மலிவு. பீப்பாயிலிருந்து வடியும் குரோமிய நீரைத் தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு இட்டுப் படியச் செய்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தும் முறையைச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கித் தந்தது. திருமலையில் 2022 ஜூன் முதல் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டதும் இதே நெறியில் அமைந்ததே. கடையில் ஒரே பெட்டியில் அடுக்கியிருந்த உறைகள் நாள்தோறும் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட அடியவர்களின் கைவழியே காட்டுப் பள்ளங்களில் சிதறிய பின், அவற்றைப் பொறுக்க எத்தனை பேர் அமர்த்தினாலும் போதாது.

சாயத் தொழிலின் சிக்கல் இன்னும் கடினம். நகரி வட்டாரத்தில் விசைத்தறியும் சாயமிடலும் பலருக்குப் பிழைப்பு. பருத்தி நூலில் சாயம் ஏற, லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு இட வேண்டும். வேலை முடிந்ததும் அவ்வுப்பு முழுவதும் நீரோடு வெளியேறும். அதனைச் சவ்வு வடிகட்டியால் பிரித்தாலும் செறிந்த உப்புநீர் மிஞ்சும். அதனைக் காய்ச்சியே வற்றவைக்க வேண்டும். நீரை வற்றவைப்பதன் அருமை சித்தூர் மாவட்டத்து வெல்லக் கொப்பரைகளின் முன் நிற்பவர்களுக்குத் தெரியும். கரும்புச் சாற்றில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அதனை ஓட்டுவதற்காகவே மலைபோல் குவிந்த சக்கை எரிகிறது. 1,000 லிட்டர் நீரை ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். பல அடுக்கு ஆவியாக்கிகளால் இதனைப் பெரிதும் குறைக்கலாம், நீக்க இயலாது. திருப்பூரில் நொய்யலாறு கெட்டதையொட்டி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் 'சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத' முறையை ஏற்றுத் தொழில் மீண்டும் எழுந்தது. கழிவுநீர் வெளியேறவில்லை; உப்பும் சேறும் மூட்டைகளாக அடுக்கப்பட்டன, ஆவியாக்கிக்கான எரிபொருளின் புகை மேலே சென்றது. நீரின் தூய்மை இவ்விரண்டின் விலையில் பெறப்பட்டது.

சேறு என்பது வெறும் கணக்கேட்டுச் சொல்லன்று. 2015 ஜனவரி 31 அன்று அதிகாலையில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் அதில் மூழ்கி உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள்.

விதி சொல்லாதது

பிரிப்பதற்கு விலை உண்டு, அவ்விலை ஒருபோதும் சுழியாகாது, மூலத்திலேயே அது மிகக் குறைவு என்ற மூன்றையும் இரண்டாம் விதி உறுதியாகக் கூறுகிறது. தூய்மைக்கேடே இல்லாத தொழில் என்பது இயலாது என்பதும் இதிலிருந்து பெறப்படும். ஆகவே அறத்தின் கேள்வி, 'கழிவு இருக்கலாமா?' என்பதன்று, எவருடைய பயனுக்காக எழுந்த கழிவு, எவருடைய கிணற்றில் இறங்குகிறது என்பதே.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1945இல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலில், இயற்கைச் செல்வத்தைத் தீர்ந்துபோவது, தொடர்ந்து புதுப்பிக்கப்படுவது என இரண்டாகப் பகுத்து, முன்னதன்மேல் எழுப்பப்படும் வாழ்க்கை போட்டியையும் வன்முறையையும் வளர்க்கும் என வாதிட்டார். ருமேனியாவில் பிறந்த பொருளியலார் ஜார்ஜெஸ்கு ரோகன் என்ட்ரோப்பி விதியையும் பொருளாதாரத்தையும் இணைத்து நூல் வெளியிட்டது 1971இல்தான். காந்தியடிகளின் வழியில் கிராமத் தொழில்களைக் கணக்கிட்ட ஒரு தமிழர், அதே திசையில் கால் நூற்றாண்டு முன்னதாக நடந்தார் என்பது மாணவர்கள் அறியத்தக்கது.

1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தம் சுற்றுப்புறத்தைக் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் அரசியலமைப்பில் சேர்த்தது. ஆனால் விலையை யார்மேல் வைப்பது என்பதைத் தெளிவாக்கியது பாலாற்று வழக்கே. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், கேடு உறுதிப்படும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு நெறிகளும் நாட்டின் சட்டத்தைச் சேர்ந்தவை எனத் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுதுமாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியிழந்தது என்ற ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. அதே பாலாற்றுக்காக, இழப்பீட்டையும் நிலத்தைச் சீராக்குவதையும் வற்புறுத்தி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையில் கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள். இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுமேடு, இலாபம் பங்கிடப்பட்டு முடிந்த பின்னும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரில் கசிந்தது. மாசு செய்தவர் கணக்கை மூடிவிட்டால், விலை அடுத்த தலைமுறையின் பேரில் எழுதப்படுகிறது.

இந்நெறிகளின் ஒரு பக்கம் இதுவரை போதிய அளவு பேசப்படவில்லை. ஆற்றுநீரில் மாசின் செறிவு என்பது, கலந்த சுமையை ஓடும் நீரின் அளவால் வகுத்த ஈவு. சுமையைக் கூட்டுபவர் மட்டுமன்றி, ஓட்டத்தைக் குறைப்பவரும் அவ்வீவைப் பெருக்குகிறார். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, குப்பத்தை ஒட்டிச் சித்தூர் மாவட்டத்தில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக ஓடித் தமிழ்நாட்டில் நுழைகிறது. அங்குக் கட்டப்பட்ட தடுப்பணைகள் இரு மாநிலங்களுக்கிடையே நெடுநாளைய பூசலாக உள்ளன. வறண்ட வட்டாரமாகிய குப்பத்து உழவனின் நீர்த்தேவை மெய்யானது. வாணியம்பாடியில் சுமையைச் சேர்ப்பவன் அவனல்லன். ஆனால் மேலே நீர் நின்றால் கீழே அதே சுமை செறிவாகும். தண்ணீர்ப் பங்கீடும் தூய்மைக்கேடும் இரு வேறு துறைகளின் இரு வேறு கோப்புகளில் இருக்கும்வரை இவ்வுண்மை எந்த அலுவலரின் மேசைக்கும் வாராது.

சித்தூர் நகரின் ஊடே செல்லும் நீவா ஆறு பொன்னையாற்றில் சேர்கிறது. பொன்னை மாநில எல்லையைக் கடந்து பாலாற்றில் கலக்கிறது. 1911இல் வடஆற்காட்டிலிருந்து பிரிந்த பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மும்முறை மாறிய போதும் நீவாவின் நீர் ஒரே திசையில்தான் சென்றது. இவ்வாற்றில் செய்யத்தக்க முதல் வேலை பெருஞ்செலவு உடையதன்று. சித்தூரின் சாக்கடைகள் நீவாவில் இறங்கும் இடத்திலும், பொன்னை எல்லையைக் கடக்கும் இடத்திலும், அது பாலாற்றில் சேரும் இடத்திலும் இரு மாநில வாரியங்களின் அலுவலர்கள் ஒரே நாளில், ஒரே முறையில், செறிவை மட்டுமன்றி நீரோட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறை என ஆண்டுக்கு இரு அளவீடுகள் போதும். இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் சுமைக் கணக்கிலிருந்தே, எந்த ஊரின் கழிவுக்கு எவர் விலை கொடுக்கிறார் என்பதை எழுதத் தொடங்கலாம்.